குகைக்கு வெளியே நான்கு பேர்

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி ஐம்பது நிமிடம். மேகம் இருந்தது, மழை இல்லை. ஆடிக் காற்று தெருப் புழுதியை வாரி முகத்தில் அடித்தது. அன்று ஆடிப் பதினெட்டு. முக்கொம்பில் பிரியும் காவிரியின் இரண்டு கிளைகளும் நிறைந்து போய்க்கொண்டிருந்தன. உறையூரில் நானும் என் சிநேகிதரும் ஆட்டோவில் ஏறினோம். அவர் பையில் இரண்டு கைலி, ஒரு துண்டு, ஒரு தொப்பி. அவர் மருத்துவமனைக்குப் போவது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

பதின்மூன்று நாட்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பின், பள்ளிவாசலில் என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். முப்பத்துநான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், எண் வரும் வசனமாக எடுத்துக்கொண்டேன். திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம், நாற்பதாவது வசனம். ஊரே கொல்லத் தேடும்போது நபியவர்கள் குகையில் மறைந்திருந்த நேரம். வசனம் அவர்களை இருவரில் ஒருவர் என்று எண்ணிச் சொல்கிறது. கூட இருந்தவரைத் தோழர் என்கிறது, பெயர் சொல்லவில்லை. பின்னால் முதல் கலீபாவானவரே அந்தத் தோழர் என்பதில் எங்கள் மார்க்கம் கற்ற ஆலிம்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது. படைத்தவனே ஒருவரைத் தோழர் என்று சாட்சி சொன்ன பிறகு வேறு பட்டம் எதற்கு என்று கேட்டேன். இரண்டு பேர், மூன்று இரவு, ரகசியம் குகையை விட்டு வெளியே போகவில்லை என்றேன். பதினேழு நிமிடம் பேசினேன். இருபத்துமூன்று பேர் கேட்டார்கள்.

நான்கு நாள் கழித்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் குழாயடியில் சிநேகிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கணக்கு வாத்தியாரே, அன்னைக்கு நல்லா அளந்தியே. இப்ப எனக்கு ஒரு தோழன் வேணும். வர்றியா?”

“எங்க?”

“குகைக்குத்தான். நெஞ்சுல ரெண்டு குழாய் அடைச்சிருக்காம். ஸ்டென்ட் வைக்கணும்ங்கறாங்க.”

“மககிட்ட சொன்னியா?”

“அவ பிள்ளை பெத்துப் பத்தொம்பது நாள்தான் ஆகுது. நாப்பது முடியட்டும். இப்ப சொன்னா பச்ச உடம்போட ஓடி வந்துடுவா. நீ வாயைத் திறக்கக் கூடாது.”

அவருக்கு ஒரே மகள். ஸ்ரீரங்கத்தில் புகுந்த வீடு. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. நான் வாக்குக் கொடுத்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மருத்துவமனைப் படிவத்தில் உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதினேன். “வேற யாரும் வரலீங்களா?” என்று நர்ஸ் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் “நான் போதும்மா” என்றேன்.

பத்து மணி ஐந்துக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்று பத்துக்கு டாக்டர் வெளியே வந்தார். குழாயில் கிழிசல் விழுந்திருக்கிறது, நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம், வீட்டாரை வரச் சொல்லுங்கள் என்றார். செல்போனை எடுத்தேன். மகளின் நம்பர் திரையில் நின்றது. கொடுத்த வாக்கு விரலைப் பிடித்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவரோரம் பன்னிரண்டு நாற்காலிகள். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

கதவு திறந்தபோது மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. ஆபரேஷன் தியேட்டருக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நினைவு இருந்தது. முகம் சாம்பல் நிறம். வாயை மூடியிருந்த மாஸ்க்கை விலக்கி என்னைத் தேடினார்.

“அவ வந்துட்டாளா?”

நாற்பத்திரண்டு நிமிடங்களை விட்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் போன் செய்தேன். அவள் அழவில்லை. டாக்டரிடம் போனைக் கொடுக்கச் சொல்லிச் சம்மதம் சொன்னாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் ஆட்டோ மாம்பழச்சாலையிலேயே நின்றுவிட, பக்கவாட்டில் அடிக்கும் காற்றில் காவிரிப் பாலத்தை நடந்தே கடந்திருக்கிறாள். பிள்ளை பெற்று இருபத்தெட்டாவது நாள். அவள் படியேறி வந்தபோது ஒன்று இருபத்தைந்து. ஒன்பது நிமிடம் முன்புதான், அவர் உயிர் பிரிந்து மவுத்தாகிவிட்டதாக டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“எப்பலேருந்து தெரியும் மாமா?”

“ஒன்பது நாளா.”

“நேத்துகூட அத்தா போன்ல பேசினாங்களே. நாப்பதுக்கு வந்துடறேன்னாங்களே.”

அவர் கடைசியாகக் கேட்டதை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவளுடைய நாற்பது முடிந்த மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். நானாகத்தான் ஆரம்பித்தேன்.

“அந்தக் குகையை மனசுல வச்சுக்கிட்டு, ரெண்டு பேரோட இருக்கட்டும்னு நினைச்சுட்டேம்மா.”

“குகைக்குள்ளதான் மாமா ரெண்டு பேரு. சோறு கொண்டுபோனது யாரு?”

கொண்டுபோனது அந்தத் தோழரின் மகள். ஊர்ச் செய்தியைக் கொண்டுவந்தவர் மகன். ஆட்டு மந்தையை ஓட்டிக் காலடித் தடத்தை அழித்தவர் ஒருவர், ஒட்டகங்களோடு வந்த வழிகாட்டி ஒருவர். வெளியே நான்கு பேருக்குத் தெரிந்திருந்தது. சிறு வயதிலிருந்து கேட்டுவரும் வரலாறு. பதினேழு நிமிடப் பேச்சில் அவர்களில் ஒருவரைக்கூட நான் சொல்லவில்லை. என் சிநேகிதர் என் பேச்சைக் கேட்டுத்தான் குழாயடிக்கு வந்தார்.

அவள் பணம் வைத்த ஒரு கவரை நீட்டினாள். மருத்துவமனைக் காகிதங்களோடு நான் என் கையிலிருந்து செய்த செலவைக் குறித்து வைத்த சீட்டும் அவளிடம் போயிருக்கிறது. முன்பணம், மருந்து, அன்று காலை ஆட்டோவுக்குக் கொடுத்த நூற்று நாற்பது வரை எல்லாம் அதில் இருந்தது.

“எண்ணிப் பாத்துக்கங்க மாமா.”

அதற்கு மேல் நிற்கவில்லை. உறையூருக்கு வந்தாலும் எங்கள் தெருவுக்கு அவள் இப்போது வருவதில்லை. கவரை இரண்டு நாள் அலமாரியில் வைத்திருந்தேன், தூங்க முடியவில்லை. மூன்றாம் நாள் லுஹர் தொழுதுவிட்டு, பள்ளிவாசல் மதரஸாவில் கொடுத்து ரசீது வாங்கினேன். ரூபாய் முப்பத்தேழாயிரத்து ஐந்நூற்று ஐந்து.