என் மகள் ஆட்டையில் சேர்ந்த கோடை

பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் காதிலிருந்து குழாயைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இந்தப் பிள்ளை ஓடக்கூடாதுன்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதனைக்கு வந்த டாக்டர், நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்றார். ஊர் டாக்டரிடம் காட்டினோம். அவருக்கும் கேட்டது. இன்னும் கொஞ்சம் வளரட்டும், பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அதுவரை ஓடாமல் ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டு வருஷம் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம்.

டாக்டர் அங்கே எடுத்த நெஞ்சுப் படங்களையெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சும்மா சத்தம்மா இது. நிறையப் பிள்ளைகளுக்குக் கேக்கும். வளர வளரப் போயிரும். இதயத்துல ஒரு குறையும் இல்ல" என்றார். என் வயிற்றில் பால் வார்த்தார் மனிதர். அத்தோடு விடவில்லை. மகளின் புஜத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்குக் கவலை இதுதான். ஒன்பது வயசுக்கு இவ்வளவு எடை ஆகாது. வளர்ற பிள்ளை, பட்டினி போட்டுராதீங்க. நொறுக்குத் தீனிய நிப்பாட்டுங்க. உச்சி வெயில் மட்டும் வேண்டாம், காலையிலயும் சாயங்காலமும் ஓட விடுங்க. லீவு முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க, பாப்போம்" என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தால் வீட்டுக்காரரைக் காணோம். கொஞ்ச நேரத்தில் கையில் பொட்டலத்தோடு வருகிறார். அல்வா!

"டாக்டர் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா இல்லையா?" என்றேன்.

"சந்தோஷத்துக்கு வாங்கினேன்ளா" என்றார், ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி. மகள் பொட்டலத்தையே பார்த்தாள். அவளுக்கு ஒரு விள்ளல் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நீங்களே தின்னுங்கள் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் சங்கரன்கோவில் வந்து சேரும்வரை பஸ்ஸில் என் பக்கம் திரும்பாமல் அவ்வளவையும் தின்றார்.

எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம். வீட்டுக்காரர் அந்தத் தறிக்கூடம் ஒன்றில்தான் மேஸ்திரியாக இருந்தார். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். வாசலைப் பார்த்து மெஷின். அந்த இரண்டு வருஷமும் என் கால் மெஷினை மிதிக்கும், கண் தெருவில் இருக்கும். மகள் எழுந்து நான்கு எட்டு வேகமாக வைத்தால் போதும், "ஏட்டி, ஓடாத!" என்று நான் கத்துவதற்கு முன்னால் எதிர்வீட்டு அக்கா கத்திவிடுவாள். அவளுக்கு முன்னால் பால்காரர் கத்தியிருப்பார். தெருவே சேர்ந்து என் பிள்ளையை உட்கார வைத்தது. உட்கார்ந்த பிள்ளையைப் பார்த்தால் எல்லாருக்கும் பாவமாக இருக்கும். பாவப்பட்டால் நம் ஊர் ஜனம் என்ன செய்யும்? தின்னக் கொடுக்கும். ஒரு வாசப்படியில் கருப்பட்டி மிட்டாய், இன்னொரு வாசப்படியில் காராச்சேவு, எதிர்வீட்டில் நெய் ஊற்றிப் பிசைந்த பருப்புச் சோறு. அவளுக்குப் பாவாடை தைக்கும்போதெல்லாம் இடுப்புப் பட்டியை முந்திய தடவையைவிட நீளமாக வெட்டினேன். டேப் என் கையில்தானே இருந்தது, எனக்குத் தெரியாதா? தெரிந்தது. ஆனால் பிள்ளை உயிரோடு கண் முன்னால் இருந்தால் போதும் என்று இருந்த காலம் அது.

சரி, இனி ஓட வேண்டும். டாக்டரே சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலையிலேயே வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "எம் மகளுக்கு ஒண்ணும் இல்லையாம். யாரும் இனி அவளுக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீங்க. ஓடாதன்னும் சொல்லாதீங்க." முதல் சேதிக்கு எல்லாரும் கும்பிட்டார்கள். இரண்டாவது சேதிக்கு எதிர்வீட்டு அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் கொடுத்த சோறுதான் உம் மகளுக்கு ஆகலையாக்கும்" என்று உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் பேச்சு இல்லை. அவளுக்கும் என் மகள் மேல் உயிர். அதனால்தான் கோபம்.

முதலில் வீட்டுக்காரர் பொறுப்பெடுத்தார். விடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு ஊர் எல்லைவரை நடந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. ஒரு வாரம் போனார்கள். மகள் சந்தோஷமாகத்தான் போய் வந்தாள். எனக்குச் சந்தேகம் வந்து, "எதுவரைக்கும்ட்டி நடந்தீங்க?" என்று கேட்டேன். "டீக்கடை வரைக்கும்மா. அப்பா டீ குடிப்பாங்க, எனக்கு உளுந்தவடை" என்றாள். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் தறிச்சத்தம் அமுங்கிவிட்டது.

அப்புறம் நானே இறங்கினேன். கொடிக்கயிற்றை அவிழ்த்து, முற்றத்தில் நின்று தாண்டிக் காட்டினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் குதித்த குதியைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாளே தவிர, அவள் தாண்டவில்லை. எப்படித் தாண்டுவாள்? பிள்ளைகள் உடம்பு இளைக்கவா விளையாடுகின்றன? கூட இன்னொரு பிள்ளை வேண்டும். தோற்கவும் ஜெயிக்கவும் ஆள் வேண்டும்.

தெருவில் பிள்ளைகளுக்குக் குறைச்சலே இல்லை. லீவு நாளில் வெயில் தாழ்ந்ததும் ஒரு பட்டாளமே இறங்கிவிடும். தொட்டுப்பிடிச்சு, கிளித்தட்டு, பாண்டி. அந்தப் பட்டாளத்துக்குத் தலைவி எதிர்வீட்டு அக்காவின் மகள். பன்னிரண்டு வயதுதான். வாய் மட்டும் ஊர் வாய். அவள் வைத்ததுதான் சட்டம். என் மகளைக் கூட்டிப்போய் அவளிடம் விட்டேன். "சேத்துக்கிடுதேன் சித்தி" என்று உடனே தலையாட்டினாள். எனக்குப் பரம நிம்மதி.

மெஷினில் உட்கார்ந்து பார்த்தால் என் மகள் நடுத்தெருவில் நிற்கிறாள். சுற்றிலும் பிள்ளைகள் பறக்கிறார்கள், இவள் நிற்கிறாள். பக்கத்தில் வருகிறவன்கூட இவளைத் தொடாமல் சுற்றிப் போகிறான். அன்றும் அப்படி, மறுநாளும் அப்படி. எனக்குப் புரிந்துவிட்டது. இவளை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்திருக்கிறார்கள்.

நம் பிள்ளைகள் எந்த விளையாட்டிலும் வைத்திருக்கிற ஏற்பாடுதான் அது. சின்னதுகள், நோஞ்சான்கள், அழுகுணிகள் எல்லாம் ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டையில் இருப்பார்கள், ஆனால் அவர்களைத் தொட்டாலும் அவுட் கிடையாது, அவர்கள் யாரைத் தொட்டாலும் கணக்கில்லை. மனம் நோகாமல் ஒதுக்கி வைக்கிற மரியாதை. யாரும் துரத்தாத பிள்ளை எங்கே ஓடும்?

எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டேன். "ஏட்டி, என் மகள ஏன் சப்பாணியா வச்சிருக்க? நெசமாச் சேத்துக்கோ" என்றேன்.

அந்தப் பிள்ளை கத்தரிக்கோலை ஒரு பார்வை பார்த்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. "நீங்கதான சித்தி, அவளைத் தொட்டா தோல உரிச்சிருவேன்னு சொன்னிய?" என்றது.

உண்மைதான். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! "அது அப்போ. இப்போ டாக்டர் ஓடலாம்னு சொல்லிட்டாருட்டி."

அவள் காலால் மண்ணைக் கீறினாள். "ஒண்ணு கேக்கட்டா? ஏசக்கூடாது."

"கேளு."

"ஓடி ஓடி அவ செத்துர மாட்டாள்ல?"

பிள்ளைகள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள். வேறு யார் கேட்டிருந்தாலும் அறைந்திருப்பேன். இரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நானும் அவரும் பேசிக்கொள்ளும்போதுகூட "ஏதாவது ஆயிட்டா" என்போம், அதற்கு மேல் போக மாட்டோம். இந்தப் பிள்ளை அதை மனதில் வைத்துக்கொண்டுதான் தினமும் என் மகளைச் சுற்றி விளையாடியிருக்கிறது. அதற்கும் பயம், பாவம்.

"சாக மாட்டா" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. இன்னும் சத்தமாகச் சொன்னேன். "சாக மாட்டாட்டி! நல்லா இருப்பா. நல்லா ஓடுவா."

"அப்பம் சரி" என்றாள் அவள். என் மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, இன்னைல இருந்து நீ நெச ஆளு. தொட்டா அவுட்டுதான். அழுதா சேக்க மாட்டேன்."

சொல்வதைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேனே தவிர, வேலை ஓடவில்லை. தெருவில் "பிடி, பிடி" என்று கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். ஒரு தடவை அவள் முழங்காலில் கையை ஊன்றி, குனிந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் வாசல் நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கையை விட்டிருந்தால் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். அவள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் வேர்வை. மறுபடியும் ஓடினாள். அன்றைக்குத் தைத்த ஜாக்கெட்டில் இரண்டு கையையும் உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்திருந்தேன். பிரித்துத் தைக்க ராத்திரியாகிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, ஆட்டத்தில் என் மகள் படு மோசம். முதலில் அவுட்டாகிறவள் அவள்தான். மூன்றாம் நாள் வந்து, "இனிமே நான் போக மாட்டேம்மா. எல்லாரும் என்னையவே பிடிக்காங்க" என்று மடியில் முகத்தைப் புதைத்தாள். சரிம்மா, இரு, அம்மா பக்கத்திலேயே இரு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அதுதானே இரண்டு வருஷம் பழகிய பேச்சு. அதற்குள் வாசலில் தலைவி வந்து நின்றாள். "சித்தி, அவள அனுப்புங்க. கிளித்தட்டுக்கு ஆள் பத்தல." நான் மகளைத் தூக்கி நிறுத்தி, முகத்தைத் துடைத்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினேன்.

அப்புறம் நான் சொல்லி அவள் போகவில்லை. காலையில் கம்மங்கூழும் மோரும் குடித்த வாயைத் துடைக்காமலே தெருவில் இறங்குவாள். உச்சி வெயிலுக்கு மட்டும் உள்ளே பிடித்துப் போட வேண்டும். அப்போது நுங்கோ வெள்ளரிக்காயோ வெட்டிக் கொடுப்பேன். ஆட்டம் எப்போது மறுபடி ஆரம்பிக்கும் என்று வெயிலைப் பார்த்துக்கொண்டே தின்பாள். வாசப்படி வாசப்படியாக உட்கார்ந்து தீனி வாங்கித் தின்ன அவளுக்கு நேரமில்லை. லீவு முடிகிற சமயம் பள்ளிக்கூடப் பாவாடை சட்டைக்கு அளவெடுத்தேன். இடுப்பு பெரிதாக இறங்கிவிடவில்லை. ஆனால் ஏறவில்லை. உயரம்தான் கூடியிருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இடுப்புப் பட்டியைப் பழைய அளவிலேயே வெட்டினேன்.

அந்தச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்த சாயங்காலம், எதிர்வீட்டு அக்கா என் வாசலில் வந்து நின்று, "ஏட்டி, வெளிய வா!" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தேன். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் ஓடினேன். பார்த்தால் அக்கா தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலைவியின் முழங்காலில் ரத்தம்.

"உம் மக செஞ்ச வேலையப் பாத்தியா? அவுட்டுன்னு சொன்னதுக்கு எம் பிள்ளையப் பிடிச்சுத் தள்ளிட்டா! முட்டி பேந்து போச்சு. என்ன வளப்பு வளக்க நீ?"

என் மகளைப் பற்றி ஒரு புகார். அதுவரை அவளைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. எல்லாரும் "பாவம்" என்பார்கள், "அய்யோ" என்பார்கள், அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"எகத்தாளமாட்டி உனக்கு?" என்றாள் அக்கா.

"சத்தியமா இல்லக்கா. தள்ளிட்டு என்ன செஞ்சா? சொல்லுங்க."

"என்ன செஞ்சா? ஓடிட்டா! இவ தேரடி வரைக்கும் பின்னாலயே விரட்டிருக்கா, பிடிக்க முடியலையாம்…"

அக்கா அப்படியே நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். "பிடிக்க முடியலையாம்ட்டி" என்று மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை மெதுவாக.

"ரெண்டு பேரும் எதுக்கு அழுதிய? என் முட்டிக்கு மருந்து போடுங்க" என்றாள் தலைவி.

தெருமுனையில் தறிக்கூடத்துச் சுவரை ஒட்டி என் மகள் நின்றுகொண்டிருந்தாள். அடி விழுமா விழாதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன இருந்தாலும் தள்ளிவிட்டது தப்புத்தானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, இங்க வா!" என்று அதட்டினேன். என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், திரும்பி மறுபடியும் ஓடினாள்.