சங்கிலியில் ஆள் எங்கே?

பௌத்த தத்துவ நூல்களை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால், எங்கிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்பதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன். அங்கிருந்துதானே நான் ஆரம்பித்தேன். திருவள்ளூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறுதோறும் எங்கள் வாசிப்பு வட்டம் கூடும். அங்கிருந்த அலமாரியிலேயே தடிமனான புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். சூனியம் என்ற பௌத்தக் கொள்கையைப் பற்றியது. "முதல்ல சின்னதா எதையாவது படிங்களேன்" என்றார்கள். அந்தச் சின்னது என்ற சொல்தான் என்னை உசுப்பிவிட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதற்காகவே இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

படிக்கக் கிடைத்த இடம் கம்பெனி பஸ். திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் தேர்வாய் கண்டிகைக்குப் போகும் வண்டி. ஒரு பக்கம் படித்தால் தூக்கம் வந்தது, இரண்டு பக்கம் படித்தால் தலைவலி வந்தது. இருந்தாலும் மூடி வைக்க மனசு வரவில்லை. பஸ்ஸில் எல்லாரும் பார்த்துவிட்டார்களே.

என் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் எங்கள் கம்பெனியில்தான் பேக்கிங்கில் இருக்கிறாள். கார் கதவுக்குள் போகும் இரும்புப் பிராக்கெட்டுகளைப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. நான் தரப் பிரிவில் இருக்கிறேன். அவள் இதற்கு முன் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். கான்ட்ராக்டில் இங்கே வந்து சேர்ந்தாள். அவள் வீட்டில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய முதல் ஆள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனாலும் அந்தக் கார்டைக் கழற்ற மாட்டாள். "மீன்காரனுக்கு எதுக்குடி உன் எம்ப்ளாயி நம்பரு?" என்று கேட்டேன். "கார்டப் பாத்தா நல்ல மீனா குடுக்கறான்க்கா" என்றாள்.

அவள்தான் என் புத்தகத்தை வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தாள். "இன்னாக்கா, ஒண்ணுமே இல்லன்னு சொல்றதுக்கா இம்மாம் பெரிய புக்கு?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லலடி. எதுவும் தனியா, தானா இல்லன்னு சொல்றாங்க."

"அது எனக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. சரி, கொஞ்சம் கீழே இறங்கி வருவோம் என்று காரணச் சங்கிலிக்கு வந்தேன். அறியாமையில் தொடங்கி முதுமை, சாவு வரைக்கும் பன்னிரண்டு கண்ணிகள். ஒன்று இருப்பதால் அடுத்தது வருகிறது. அதையும் நான் படித்த லட்சணம் என்னவென்றால், பள்ளிக்கூடத்து வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்ததுதான். ஒருநாள் அவளிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அறியாமைன்ற, ஆசைன்ற, பொறப்புன்ற. இதுல ஆளு எங்கக்கா? கஷ்டப்படறது யாரு?"

பெரிய பெரிய ஆசாரியர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி. சீதஞ்சேரி தாண்டுவதற்குள் பதில் சொல் என்றால் நான் எங்கே போவேன்? "பேஜாரு பண்ணாம தூங்குடி" என்றேன். அவள் தூங்கிவிட்டாள். நான்தான் தூங்கவில்லை.

அடுத்த வாரம் அவள் கார்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நடந்தது இதுதான். இடது கதவுக்கான பிராக்கெட் என்று சீட்டு ஒட்டிய பெட்டியில் வலது கதவுக்கான பிராக்கெட்டுகள் போய்விட்டன. இரண்டும் வலது செருப்பும் இடது செருப்பும் மாதிரிதான் இருக்கும். வாடிக்கையாளர் கம்பெனியில் வேலை அப்படியே நின்றுபோய், அங்கிருந்து போனில் காய்ச்சி எடுத்தார்கள். அந்தப் பெட்டியை அடுக்கியது அவள். கேட்டில் செக்யூரிட்டி கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, மீட்டிங் முடியும்வரை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார். மீட்டிங் முடிந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நான் உள்ளே போகும்போது அவள் கை வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. 

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புகார் வந்தால், போர்டில் ஏன் என்று எழுதி விடை எழுத வேண்டும். அந்த விடைக்கு ஏன் என்று மறுபடி கேட்க வேண்டும். அடிக்காரணம் வரும்வரை இப்படியே இறங்கிப் போக வேண்டும். தயாரிப்பு மேலாளர் மார்க்கரை எடுத்தார். ஏன் வலது பீஸ் இடது பெட்டிக்குப் போனது? ஆபரேட்டர் மாற்றி அடுக்கினார். ஏன் மாற்றி அடுக்கினார்? கவனக்குறைவு. அவ்வளவுதான், மார்க்கரை மூடிவிட்டார். தீர்வு: ஆளை மாற்றுவது. மோசமான மனிதர் இல்லை அவர். மேசைமேல் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது, பாவம்.

ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், இத கஸ்டமருக்கு அனுப்பினா அப்படியே திரும்பி வரும். ஆள் காரணம் ஆகாது, அதுக்கு அந்தாண்ட கேளுங்கன்னு அவங்க போன ஆடிட்லயே சொல்லிட்டுப் போனாங்க" என்றேன்.

ஆள் காரணம் ஆகாது. இதை எத்தனையோ தடவை வேலையில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. சங்கிலியில் ஆளு எங்கக்கா என்று கேட்டவள் கேட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கான பதில் இத்தனை காலமாக இந்தப் போர்டில்தான் இருந்திருக்கிறது. 

"அப்ப நீங்களே கேளுங்க மேடம்" என்று மார்க்கரை நீட்டினார் மேலாளர்.

கேட்டேன். ஏன் மாற்றி அடுக்கினாள்? அன்றைக்கு இரண்டு பக்கமும் நீலப் பெட்டிதான் இருந்தது. எப்போதும் இடதுக்கு மஞ்சள், வலதுக்கு நீலம். ஏன் மஞ்சள் இல்லை? காலியான மஞ்சள் பெட்டிகள் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை? எடுத்துவரும் லாரி அன்று அங்கே போகவில்லை. ஏன்? ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டேன். ஏற்றுமதிச் சரக்கை அவசரமாகக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்ததாம், அந்த லாரியைத்தான் அதற்குத் திருப்பிவிட்டார்களாம். மஞ்சள் பெட்டி வராது என்று பேக்கிங்கில் யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது யார் வேலை? யார் வேலையும் இல்லை.

போர்டு நிறைந்துவிட்டது. காட்டுப்பள்ளியில் ஒரு கப்பல் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதற்காகத் தேர்வாயில் ஒருத்திக்கு வேலை போக இருந்தது. மேலாளர் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். பிறகு சிரித்துவிட்டார். "அப்ப கப்பலையா வேலைய விட்டுத் தூக்கறது?"

"எதையும் தூக்க வேணாம் சார். எங்கயாவது ஒரு கண்ணிய வெட்டினா போதும்."

கண்ணி என்றதும் புரியாமல் பார்த்தார். ஒரு படம் வரைந்து காட்டினேன். பீஸ்களை அடுக்கிப் பெட்டிக்குள் இறக்கும் பேக்கிங் தட்டில் ஒரு சின்ன இரும்பு முளை. வலது பீஸை இடது தட்டில் வைத்தால் முளை இடிக்கும், பீஸ் உட்காரவே உட்காராது. பெட்டி எந்த நிறமாக இருந்தால் என்ன, கப்பல் எப்போது போனால் என்ன? டூல் ரூமில் உடனே பற்றவைத்துக் கொண்டுவந்தார்கள். மேலாளர் தானே ஒரு தப்பான பீஸை எடுத்து வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. திருப்பி வைத்து அழுத்தினார். அப்போதும் உட்காரவில்லை. போனை எடுத்து, "அந்தப் பொண்ண உள்ள அனுப்பு. கார்டையும் குடுத்து அனுப்பு" என்றார். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. அடிக்கத் தெரியாததால் மேசையை ஓங்கித் தட்டினேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப நான் தப்பே பண்ணலியாக்கா?" என்றாள்.

"பண்ணுன. உன் கைதான மாத்தி வச்சுது. ஆனா அந்தக் கை தனியா வரலடி. கூடவே லாரி வந்துச்சு, கப்பல் வந்துச்சு."

"அன்னிக்கி கேட்டனே, ஆளு எங்கன்னு."

"போர்டுல ஆள எழுதியிருந்தா கேள்வி அங்கயே நின்னுருக்கும். நீ ஊட்ல குந்திக்கினு இருப்ப. அதுல ஆள் இல்லாததாலதான் இப்போ பஸ்ஸுல வந்துக்கினு கீற."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் அது அழுகை இல்லை, ஜெயித்த சந்தோஷம். இரண்டு பேரும் ஜெயித்திருந்தோம்.

அந்த ஞாயிறே தடிமனான புத்தகத்தைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன். யாரும் கேலி செய்யவில்லை, செய்திருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது. சின்னச் சின்ன உரையாடல்கள் இருந்த தொகுப்பை எடுத்தேன். அதில் ஊர் ஊராக ஆட்கள் புத்தரிடம் வந்து உட்காருகிறார்கள். ஒருவனுக்குப் பிள்ளை போன துக்கம், இன்னொருவனுக்கு அடங்காத கோபம். ஒருவரும் தத்துவம் கேட்டு வரவில்லை, வலி தாங்காமல்தான் வருகிறார்கள். அவர் அந்த வலியைப் பிடித்துக்கொண்டே காரணம் காரணமாக இறங்கிப் போகிறார். எனக்கு மீட்டிங் ரூமில் நிற்பதுபோலவே இருந்தது. கம்பெனியில் முடிந்த சரக்கைக் கடைசியில் சரிபார்க்கும் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒருவன் தொழிலைக் கற்றுக்கொள்ள முடியுமா? சூனியம் என்பது அந்தக் கடைசி மேசை. நான் அங்கே போய் நின்றுகொண்டு ஒன்றும் விளங்கவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் புத்தகத்தையும் திரும்பப் படிக்கிறேன். தலைவலி வருவதில்லை.

அவளும் ஞாயிறுகளில் மாடிக்கு வர ஆரம்பித்தாள், கழுத்தில் கார்டோடு. பஸ்ஸில் வரும் மற்றப் பெண்களையும் இழுத்துவந்தாள். நாற்காலி பற்றாமல் ஜெராக்ஸ் கடையில் ஸ்டூல் கேட்டு வாங்குகிறோம். போன வாரம் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவர் புதிதாக வந்தார். அலமாரியை அண்ணாந்து பார்த்தார், கை நேராகத் தடிமனான புத்தகத்துக்கே போனது. "எதுலேர்ந்து ஸ்டார்ட் பண்றதுங்க?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இதற்கு என்னிடம் நல்ல நீளமான பதில் உண்டு.

அதற்குள் அவள் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். "அத்த அப்பறம் படிக்கலாம்ண்ணா, குந்துங்க. கடசியா உங்கள யாரு, இன்னா சொல்லித் திட்டுனாங்கோ? அத்த சொல்லுங்க மொதல்ல. அங்கேர்ந்து ஏன் ஏன்னு கேட்டுக்கினே போலாம்."

அவர் புத்தகத்தை வைத்துவிட்டு உட்கார்ந்தார். தன் சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். செருமிய தொண்டைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நானும் உட்கார்ந்து கேட்டேன்.