இன்னொரு சுத்து

என் வீட்டுக்காரருக்கு வேலை பார்த்த இடத்தில் வைத்த பெயர் 'இன்னொரு சுத்து'. குடிநீர்க் குழாய் ஃபிட்டர். எந்த நட்டை முடுக்கினாலும், அது இறுகிய பிறகு உடம்புக் கனத்தையெல்லாம் போட்டு இன்னொரு சுற்றுச் சுற்றுவார். அவர் மாட்டிய குழாய் ஒழுகியதில்லை, அது உண்மைதான். ஆனால் அவர் மூடி வைத்த மாத்திரை டப்பாவைத் திறக்க நான் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும்.

வாயும் அந்தக் கை மாதிரிதான். மகன் "சரிப்பா, தப்புதான்" என்று தலையைக் குனிந்த பிறகுதான் இவருக்குச் சூடு பிடிக்கும். "போதும், விடுங்க" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். வேலை கிடைத்த கையோடு அவன் தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

ஆயில் மாற்றவும் செயினைப் பார்க்கவும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியோடு வருவான். அப்பாவும் பிள்ளையும் தரையில் குந்திக்கொண்டு வண்டியைப் பற்றி மட்டும் பேசுவார்கள். பேசினால் சரி என்றிருந்தேன். அந்த ஞாயிறும் போனால் பிள்ளையும் போனான் என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாள் அவன் சொன்னான்: "அப்பா, இது அலுமினிய இன்ஜின். பைப்பை முடுக்குற மாதிரி முடுக்கினா மரை போயிடும். இறுக்கத்தை அளந்து முடுக்குற டார்க் ரெஞ்ச் ஒண்ணு வாங்குங்க. இல்லன்னா நான் சர்வீஸ் சென்டர்லயே விட்டுக்கிறேன்."

மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு கருவிக் கடைக்குப் போனார்.

"வேண்டிய நம்பரைக் கைப்பிடியில வச்சுக்குங்க. அந்த அளவு இறுகினதும் டிக்குனு சொல்லும். அதோட நிறுத்திடணும்" என்றார் கடைக்காரர். "இது பெருசு. சக்கர நட்டுக்கு. ஆயில் போல்ட்டுக்குச் சின்னது வேணும். ரெண்டையும் எடுத்துக்குங்க."

"பெரிய வேலை செய்யறது சின்ன வேலை செய்யாதா?" என்று பெரியதை மட்டும் வாங்கி வந்தார். சொல் பேச்சுக் கேட்டால் அவர் பெயர் என்னாவது!

அடுத்து அவன் வந்த ஞாயிறு, பழைய ஆயிலை வடித்து, அடி போல்ட்டைக் கையால் மாட்டிப் புது ஆயில் ஊற்றினார். போல்ட்டை முடுக்க வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்த எண் இருபத்து நாலு. ரெஞ்சில் அளவு ஆரம்பிப்பதே நாற்பதில். அந்த நாற்பது கோட்டுக்குக் கீழே குத்துமதிப்பாகத் திருகி வைத்துக்கொண்டு இழுத்தார்.

"இறுகிடுச்சுப்பா, போதும்."

"டிக்குனு இன்னும் சொல்லலியேடா!"

இன்னொரு சுத்து. கைப்பிடி திடீரென்று லேசாகிவிட்டது. போல்ட்டோடு மரையும் சுருள் சுருளாகக் கையில் வந்தது. ஊற்றிய புது ஆயில் தரையெல்லாம் ஓடியது. மகன் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டான். அடுத்த மாத ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

பிறகு என்னிடம் சொல்லாமலே போய்ச் சின்ன ரெஞ்சை வாங்கி வந்தார். பழைய பம்ப் ஒன்றை வைத்துக்கொண்டு பழகினார். டிக் என்றதும் நிறுத்துவார். கழற்றுவார். மறுபடி டிக், மறுபடி நிறுத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஓசியில் சொன்ன 'போதும்' இத்தனை வருஷமாகக் காதில் ஏறவில்லை, காசு கொடுத்து வாங்கிய இரும்பு சொன்னால் மட்டும் கேட்கிறார்.

மகன் கடைசியில் வந்தது, மீதித் துணிமணிகளை எடுத்துப்போக. தூரத்து ஊருக்கு மாற்றலாகிவிட்டதாம். வண்டியில் சர்வீஸ் சென்டர் ஸ்டிக்கர் பளபளத்தது.

இவர் ரெஞ்சுப் பெட்டியைத் திறந்து காட்டினார். "சின்னது வாங்கிட்டேன்டா. டிக்குன்னா நிறுத்திடுறேன். ஒருதடவை பார்க்கட்டுமா?"

"வேண்டாம்பா. அங்கேயே பார்த்துட்டாங்க. போதும்."

இவர் தலையாட்டிவிட்டுப் பெட்டியை மூடினார்.

"சாப்பிட்டுப் போடா" என்றேன். "இருக்கட்டும்மா" என்றான், அப்பாவைப் பார்த்துக்கொண்டே. பையை வண்டியில் கட்டினான். சரியாகத்தான் கட்டியிருந்தான். அவிழ்த்து மறுபடியும் கட்டினான். மறுபடியும் அப்பாவைப் பார்த்தான். நான் மனசுக்குள் கத்தினேன்: 'இன்னொரு வார்த்தை சொல்லித் தொலையேன் மனுஷா, இருடான்னு ஒரே ஒரு வார்த்தை!'

சொல்லவில்லை. வண்டி தெரு முனையில் திரும்பிப் போய்விட்டது. பாவி மனுஷன், அன்றைக்குப் பார்த்துத் திருந்தியிருந்தார்.