கூட்டுக் கதவில் கட்டிய நூல்

யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் பிரிவில் நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். வகுப்பு நேரம் போக, எலிகளை வளர்த்துக் குறிப்பெடுப்பது என் பொறுப்பு. சாம்பல் எலியையும் வெள்ளை எலியையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் சாம்பலாகப் பிறக்கும். அந்தக் குட்டிகள் வளர்ந்து தங்களுக்குள் சேர்ந்தால், ஏறக்குறைய நாலுக்கு ஒன்று வெள்ளையாகத் திரும்பி வரும். இந்த வெள்ளைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் வெள்ளையைத் தவிர வேறு பிறக்காது. இதை எங்கள் கூடுகளில் காட்டி, பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்.

எலிகளுக்குத் தீனி வைக்க ஒரு அட்டெண்டர் இருந்தார். கல்குளம் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். ஏழு வருஷமாகத் தற்காலிக வேலை. ஆவணியில் ஸ்திரப்படுத்துவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. காரணம் கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது. எலிகளுக்கு வைக்கும் கடலையைத் திருடுகிறாரோ, கூடுகளைத் திறந்து வேடிக்கை பார்க்கிறாரோ என்று அவர் பின்னாலேயே என் கண் போகும். கூட்டுக்குள் கை விடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். தீனியும் தண்ணீரும் மேலேயுள்ள கம்பி வழியாக வைக்கலாம். அடித்தட்டை வெளியே இழுத்துக் கழுவலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை, சாம்பலும் வெள்ளையுமாகப் பிறந்து நாலு வாரம் ஆன குட்டிகளைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆண் ஒரு கூடு, பெண் ஒரு கூடு. அன்று மத்தியானம் நாகர்கோவிலில் பெரியப்பா தவறிவிட்டதாக ஆள் வந்தது. குட்டிகளைப் பிரிக்க அரைமணி நேரம் ஆகும். நான் பிரிக்கவில்லை. ஆனால் கிளம்புமுன் ஒவ்வொரு கூட்டுக் கதவிலும் வெள்ளை நூலைச் சுற்றி, எனக்கு மட்டும் தெரிந்த ஒரு முடிச்சுப் போட்டேன். அவர் திறந்தால் எனக்குத் தெரிய வேண்டும். அதற்கு மட்டும் நேரம் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பியபோது பதினெட்டு நாள் ஆகியிருந்தது. எல்லா முடிச்சுகளும் நான் போட்டபடியே இருந்தன.

"ஆணும் பொண்ணும் ஒரே கூட்டில கெடக்கு சாரே," என்றார் அட்டெண்டர். "பிரிச்சு விடட்டுமான்னு ஆள் விட்டுக் கேக்கலாம்னு பாத்தேன். துட்டி வீட்டுல போயி எலிக் காரியம் எப்பிடிக் கேக்க?"

"உம்மகிட்ட யார் கேட்டா?" என்றேன்.

அவர் முன்னாலேயே பிளேடால் நூல்களை அறுத்தேன். குட்டிகளைப் பிரித்தேன். அவற்றில் வெள்ளையாக இருந்த பெண்களில் ஒன்றை அன்றைக்கே வேறொரு கூட்டிலிருந்த வெள்ளை ஆணோடு விட்டேன். பிறகு நோட்டை எடுத்து, பிரித்த தேதி என்ற இடத்தில் அந்தப் பழைய வெள்ளிக்கிழமையை எழுதினேன். பேராசிரியர் கோபித்துக்கொள்வாரே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

பதினைந்தாம் நாள் அந்த எலி குட்டி போட்டது. ரோமம் முளைக்காத குட்டியிலும் கண்ணைப் பார்த்தால் நிறம் தெரிந்துவிடும். வெள்ளையாக வளரப்போகும் குட்டிக்கு மூடிய கண் வெளுத்திருக்கும். இவற்றில் நாலு குட்டிகளின் இமைத்தோலுக்கு அடியில் கறுப்புத் தெரிந்தது.

பேராசிரியர் தஞ்சாவூர்க்காரர். நோட்டையும் குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எலிக்கு இருபது நாளாவது ஆகும் ஓய். பதினஞ்சு நாள்லே பெத்திருக்காளே, பொண்ணு மசக்கையோடயே புக்காத்துக்கு வந்திருக்கா," என்றார். "நீர்தான் வெள்ளிக்கிழமையே பிரிச்சுட்டுப் போயிருக்கீர். அப்புறம் அந்தப் பொண்கள் கூட்டுக்குள்ளே ஆண் எப்படி வந்தது?"

அவரே பதிலும் கண்டுபிடித்தார். தப்பி ஓடிய எலி எதையாவது பிடித்து, அட்டெண்டர் கைக்கு அகப்பட்ட கூட்டில் போட்டிருக்க வேண்டும். அவரைக் கூப்பிட்டார்.

"நான் ஒரு கூடும் தொறக்கல்ல சாரே. அதுக ஒண்ணாத்தான் கெடந்துது. இந்தச் சாரு நூலு கட்டிட்டுப் போனாரு. வந்து அவரு கையாலதான் அறுத்தாரு. கேட்டுப் பாருங்க."

"நூலா? எந்த நூல்?" என்று பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

அட்டெண்டரும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நான் உண்மையைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார், அவ்வளவுதான். அவர் குற்றமற்றவர் என்பதற்கு அந்த முடிச்சுகளைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அவரைப் பிடிக்க நான் வைத்த பொறி அவர் பக்கம் பேசியது. அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

"அப்படி எதுவும் எனக்கு ஞாபகமில்லை சார்," என்றேன்.

"நோட்டிலேயும் இல்லை," என்றார் பேராசிரியர்.

ஆவணியில் வரவேண்டிய உத்தரவு வரவில்லை; ஆனியிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு பல மாதம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் கிளார்க் சிரித்தால், அட்டெண்டர் சொல்லிவிட்டாரோ என்று தோன்றும். பேராசிரியர் நோட்டைக் கேட்டால் அந்தப் பக்கத்தை ஒருதரம் புரட்டிப் பார்த்துவிட்டே கொடுப்பேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கறுத்த கண் குட்டிகளைக் கணக்கில் சேர்க்காமல் கட்டுரை அச்சாயிற்று. உதவியவன் என்று அடியில் என் பெயரும் வந்தது.

இரண்டு வருஷம் கழித்துச் சாலைக் கடைத்தெருவில் அந்த அட்டெண்டரைப் பார்த்தேன். ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் விலகிப் போகப் பார்ப்பதற்குள் அவர் கண்டுவிட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சாரே, சுகந்தானே? இப்ப வந்திருக்கப்பட்ட ஆளுக்கும் நூலு கட்டுகீயளா?"

"இல்லை," என்றேன்.

"கட்டினாலும் குத்தமில்ல. அறுக்கும்போ பக்கத்துல இன்னொரு ஆள நிறுத்திக்கிடுங்க."

இவ்வளவுதான் சொன்னார். அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுக்கத் திரும்பிவிட்டார். அன்றைக்கும் என் சட்டைப் பையில் நூல்கண்டு இருந்தது. காலையில்தான் புது ஆளின் கூடுகளுக்கெல்லாம் முடிச்சுப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.