ஷோகேஸில் இருந்த நீல டின்

அக்கா வீட்டு ஹாலில் சுவரோடு சுவராக ஒரு ஷோகேஸ் உண்டு. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் எண்பதுகளில் எழும்பிய வீடுகளில் டிவி இருந்ததோ இல்லையோ, ஷோகேஸ் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அத்தானின் கப்பல் படம், பாதி தீர்ந்த சென்ட் பாட்டில்கள், யாருமே காபி குடிக்காத ஜப்பான் கோப்பைகள். நடுத்தட்டில், இதற்கெல்லாம் தலைவர் மாதிரி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீலத் தகர டின். மூடியில் மீன் படம், இடுப்பைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை. ஷூ பாலிஷை ஏன் ஷோகேஸில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டவர்களும் உண்டு. அதற்குள் இருப்பதாக நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது கேவியர், பொன் விலை விற்கும் சீமை மீன்சினை.

அத்தான் அந்த ஊர்க்காரர். அவருடைய அப்பா ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர். பிள்ளை நிலத்தை விட்டுவிட்டுக் கடலில் இறங்கிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். சரக்குக் கப்பலில் சீஃப் ஸ்டூவர்ட் வேலை. கப்பலில் இருப்பவர்கள் சாப்பிட வேண்டிய அத்தனை சாமானையும் துறைமுகம் துறைமுகமாக இறங்கிப் பார்த்து வாங்குகிறவர். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வீட்டில் இருக்க மாட்டார். எனக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தபோது, அக்காவுக்கும் துணையாக இருக்கும் என்று அம்மா என்னை அந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

லீவில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போவது அத்தான்தான். என்ன மீன் வாங்கினாலும் அதில் சினை இருக்க வேண்டும், ஏனென்றால் அக்காவுக்கு மீனைவிடச் சினைதான் உயிர். மிளகாய்த்தூள் தடவி வறுத்து வைத்தால் சோற்றைக்கூட மறந்துவிடுவாள். அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் அத்தான். "இதுக்கே இப்படிச் சப்புக்கொட்டறியே, கேவியர் துன்னா இன்னா பண்ணுவே?" என்பார். ஊர் பேர் தெரியாத கேப்டன்களுக்கெல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்கிறோம், கட்டினவளுக்கு ஒரு வாய் கொடுக்க முடியவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. அவர் பெரிதாக ஆசைப்பட்டு நான் பார்த்ததெல்லாம் அந்த ஒன்றுதான்.

நல்ல கேவியரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. "கறுப்பா கீதேன்னு வாங்கிடக் கூடாதும்மா. சாம்பல், பழுப்பு, ஏன், தங்கக் கலர்லகூட வரும். கலர்ல இன்னா கீது? ஒவ்வொரு மணியும் தனித்தனியா, முழுசா, பளபளன்னு நிக்கணும். கொழகொழன்னு ஒட்டிகினு இருந்தா அப்படியே வச்சுட்டு வந்துரு" என்பார். கொஞ்சம் எடுத்துப் புறங்கையில் வைத்து மோந்தால் கடல் வாசனை வரலாம், மீன் நாற்றம் வரக் கூடாது. வேறு ஏதாவது மீன் முட்டைக்குச் சாயம் ஏற்றி விற்கிறவர்களும் உண்டு, வெள்ளைத் துணியில் வைத்தால் கறுப்பு இறங்கிவிடும். உப்பு குறைவாகப் போட்டதுதான் உசத்தி. வாயில் போட்டு மென்று தள்ளக் கூடாது, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினால் மணி தானாக உடைய வேண்டும். டின்னைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். நல்ல சரக்கு சத்தமே போடாது, ஆட்டினால் இருக்கிற மணியும் உடையும் என்பார். அக்கா இதையெல்லாம் ஏதோ புராணம் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு லீவில் அந்த நீல டின்னை ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வைத்து எடுத்து வந்துவிட்டார். தன் கையாலேயே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் உள்ளே தள்ளி வைத்தார். மேலே ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது, உறைந்தால் போச்சு என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்காத குறை. இரும்புக் கரண்டி பட்டால் ருசி மாறிவிடும் என்று கப் ஐஸ்கிரீமுக்குக் கொடுக்கிற தட்டை மரக்கரண்டிகளைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தார். கல்யாண நாளன்று திறப்பதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது கப்பலில் ஏறச் சொல்லித் தந்தி வந்தது. "நீயும் தங்கச்சியும் துன்னுடுங்க, அது எனக்காகக் காத்துகினு இருக்காது" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா கேட்பாளா? அவர் இல்லாதபோது வீட்டில் மாம்பழம்கூட நறுக்க மாட்டாள். நல்லதாக எது வந்தாலும் அவர் வரட்டும் என்று எடுத்துவைத்துவிடுவாள்.

அந்தக் கோடையில் ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது. மெக்கானிக் இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தான். பாலும் மாவும் பக்கத்து வீட்டுக்குப் போயின. டின்னை மட்டும் கொடுக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. "சீல் வச்ச டின்தானேடி, பால் பவுடர் கெட்டா போகுது?" என்று ஷோகேஸில் நடுநாயகமாக வைத்துவிட்டாள். வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினாள். கொஞ்ச நாள் கழித்து ஷோகேஸைத் திறந்தால் அந்துருண்டை வாசனை அடித்தது. பூச்சி வருகிறது என்றாள் அக்கா. நானும் நம்பினேன்.

அடுத்த தடவை அத்தான் வந்தபோது பெட்டியைக் கீழே வைக்குமுன்பே கண் ஷோகேஸுக்குப் போனது. "அப்படியே வச்சிருக்கேன் பாருங்க" என்றாள் அக்கா, குரல் கொஞ்சம் ஏறியே இருந்தது. அவர் டின்னை எடுத்தார். காதோரம் வைத்து மெல்ல ஆட்டினார். அவரா ஆட்டுகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம் அக்காவின் முகத்தையே பார்த்தவர், டின்னை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "இருக்கட்டும், நல்ல நாளா பாத்துத் தொறக்கலாம்" என்றார். அக்கா சமையலறைக்கு ஓடினாள். சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "அது போச்சும்மா. உங்கக்காகிட்ட மூச்சு வுடாதே, மனசு ஒடிஞ்சிடுவா."

அதற்குப் பிறகும் பல வருஷம் கப்பலுக்குப் போனார். டேப் ரிக்கார்டர் வந்தது, சேலைகள் வந்தன, கேவியர் மட்டும் வரவில்லை. ஒருமுறை பொறுக்க முடியாமல், புதிதாக ஒன்று வாங்கி வரக் கூடாதா என்று கேட்டேவிட்டேன். "எப்படிம்மா? புதுசு வந்தா பழசு இன்னா ஆச்சுன்னு கேள்வி வருமே" என்றார். தொண்ணூறுகளின் நடுவில் கம்பெனி கப்பல்களை விற்றுவிட, அவர் ஊரோடு வந்து பெருங்களத்தூரில் கடை போட்டார். தினமும் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட அதன் பிறகுதான் அவருக்குக் கொடுத்துவைத்தது. அப்போது கேவியர் கைக்கெட்டாத சமாச்சாரமாகிவிட்டது. போன வருஷம் அத்தான் காலமானார்.

சென்ற மாதம் சிறுசேரிப் பக்கம் கம்ப்யூட்டர்காரர்கள் வாங்குகிற ஒரு பெரிய கடையில் கேவியரைப் பார்த்தேன். இப்போது பண்ணையில் வளர்த்த மீனுடையதுதான் வருகிறதாம். கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, மணி மணியாக நிற்கிறதா, அடியில் தண்ணீர் விட்டிருக்கிறதா, தேதி என்ன, உப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் வாங்கினேன். ஐஸ் பையில் வைத்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். குப்பியைப் பார்த்ததும் அக்கா உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய் ஷோகேஸிலிருந்து நீல டின்னை எடுத்து வந்து, ரப்பர் பட்டையைக் கழற்றி என் முன்னால் திறந்தாள். உள்ளே பாதி டின் கடுகு.

"அந்தக் கோடையிலேயே நாத்தம் எடுத்துடுச்சுடி. தென்னமரத்தடியில கொட்டிட்டுக் கழுவிக் கடுகு போட்டு வச்சேன். அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரேன்னு பயந்தே செத்தேன். தொறக்க வேண்டாம்னு அவரே சொன்னதும்தான் உயிர் வந்தது" என்றாள்.

அத்தான் அன்றைக்கு டின்னை ஆட்டியபோது எதைக் கேட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த வீட்டில் சொல்லாமல் விட்டதெல்லாம் போதும் என்று நினைத்து, சொல்லிவிட்டேன். "அவருக்கு அன்னிக்கே தெரியும்க்கா. ஆட்டிப் பார்த்தாரே. உன் மனசு ஒடிஞ்சிடும்னுதான் கேட்கலை. அதனாலதான் இன்னொண்ணும் வாங்கிட்டு வரலை."

அக்கா டின்னைக் கீழே வைத்தாள். பிறகு நான் நீட்டிய மரக்கரண்டியில் கொஞ்சம் எடுத்து, கண்ணை மூடி, அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே நாக்கால் அழுத்தினாள். "நல்லாதான் இருக்கு" என்றாள். "ஆனா அவர் பார்க்கணும்னு நெனைச்சது என் மூஞ்சியைத்தானே? இப்ப யார் பார்க்கறது?" கண்ணீர் கன்னத்தில் வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு வாய் அவள் எடுக்கவில்லை. டின்னை மூடி ரப்பர் பட்டையை மாட்டினாள். ஷோகேஸில் வைக்கப் போனவள் நின்று, அதைக் காதோரம் கொண்டுபோய் மெல்ல ஆட்டினாள். ஹாலின் இந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த எனக்கே கடுகுச் சத்தம் தெளிவாகக் கேட்டது.