கதிர்வேல் ஆட்டத்தை நிறுத்திய கார்

போன புதன்கிழமை காலை சிதம்பரம் கீழ வீதியில் சவாரியை இறக்கிவிட்டு, வண்டியை நிழலில் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் கதிரின் பெயர். முந்தின நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவன். எடுத்த எடுப்பிலேயே, "ஏன்டா, நேத்தெல்லாம் எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று கத்தினேன். அந்தப் பக்கம் பேசியது அவன் மனைவி செல்வி. "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." அவள் குரலில் அழுகையே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகள் யாழினியை அவள் விடுதி வாசலில் ஏற்றிக்கொண்டு கடலூருக்குத் திரும்பினேன்.

நம் கடலூர் முதுநகர் கார் ஸ்டாண்டில் கதிர்வேலைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. இங்கே கூடியிருக்கும் உங்களில் ஸ்டாண்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் கடலோரத்து மீனவக் குடும்பம். அப்பாவின் படகில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவன், படகை விற்ற பிறகு காருக்கு வந்தான். நான் மேல்பட்டாம்பாக்கத்துக் கரும்புக்காரன். இரண்டு பேரும் கூட்டாக ஒரு பழைய டீசல் கார் வாங்கினோம். சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை, வண்டி வாங்கிய அன்றே மச்சான் ஆகிவிட்டோம். அவனுக்கு வாய் ஜாஸ்தி, எனக்குக் கோபம் ஜாஸ்தி. நாங்கள் சண்டை போடாத நாளில் ஸ்டாண்டில் உள்ளவர்கள் வந்து உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

அந்தக் காருக்கு ஒரு வியாதி இருந்தது. காலையில் சாவி போட்டதும் உடம்பெல்லாம் தூக்கிப் போடும். கண்ணாடி கிடுகிடுக்கும், கதவு பதறும். கதிருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. படகு எஞ்சினோடு வளர்ந்தவனுக்கு அது தாலாட்டு மாதிரி. "ஆடுதுன்னா உசுரோட இருக்குன்னு அர்த்தம் மச்சான்" என்பான். ஆனால் ஒரு கல்யாணச் சவாரியில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், வண்டி ஸ்டார்ட் ஆன உடனே கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். "இது காரா, மாவு மில்லா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். அன்றைக்குத்தான் கதிருக்குச் சுருக்கென்று தைத்தது.

மெக்கானிக்கிடம் போனோம். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு விளக்கினார். எஞ்சின் முதலில் மெதுவாகச் சுற்றும்போது எல்லாச் சிலிண்டரும் ஒரே சீராக எரியாது, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், அதனால் எந்த எஞ்சினும் ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும். அந்தக் குலுக்கல் வண்டிக்குள் இறங்காமல் இருக்கத்தான் எஞ்சினை ரப்பர் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கள் வண்டியில் அந்த ரப்பர் நைந்து போயிருந்தது. புது ரப்பர் புதுச்சேரியிலிருந்து வர ஒரு வாரம் ஆகும் என்றார். "அதுக்கு எதுக்கு ஒரு வாரம்? நான் பாத்துக்கறேன்" என்று கதிர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஸ்டாண்டில் எல்லோரையும் கூட்டி, பானெட் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, சாவியைப் போட்டான். ஒரு சொட்டு சிந்தவில்லை. என்ன செய்தாய் என்று கேட்டால், "கடக்கரை வைத்தியம், ஒன்ன மாதிரி கரும்புக்காரனுக்கெல்லாம் புரியாது" என்று சிரித்தான். நானும் சந்தோஷப்பட்டேன். யார்தான் படமாட்டார்கள்?

அந்த வாரமே என் மனைவி அமுதாவுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். கடலூரில் நாங்கள் போன ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து பார்த்துவிட்டு, குழந்தையின் துடிப்பு குறைகிறது, இங்கே முடியாது, உடனே சிதம்பரம் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. கதிர் வாசலில் வண்டியோடு நின்றான். "ஏறு தங்கச்சி, நான் கொண்டு போறேன்" என்றான். பின் சீட்டில் அமுதாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அவ்வளவு வேகமாக அவன் ஓட்டி நான் பார்த்ததில்லை.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கேட் போட்டால் எஞ்சினை அணைப்பது எங்கள் எல்லோருக்கும் கை பழகிய வேலை. கதிரும் அணைத்துவிட்டான். ரயில் போனது, கேட் திறந்தது, கதிர் சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினான், மறுபடியும் 'டக்'. விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, எஞ்சின் மட்டும் சுற்றவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் அலற ஆரம்பித்தன. சிலர் இறங்கி வந்து தள்ளிப் பார்த்தார்கள். தண்டவாளத்துக்கு ஏறும் அந்த மேட்டில் வண்டி ஏறவில்லை, தள்ளத் தள்ள அமுதாதான் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்.

நான் வெறி பிடித்தவன் மாதிரி ஆகிவிட்டேன். கதிரைச் சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். ஓடிப்போய் ஒரு சரக்கு வேனை மறித்தேன். பின்னால் சாக்கு விரித்துப் படுக்க வைத்துக்கொள்ளலாம் என்றார் அந்த டிரைவர். அமுதாவைத் தூக்க வந்தால், அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "என்ன இப்ப தூக்காத. தூக்குனா செத்துருவேன்" என்றாள். பிறகு பானெட்டைத் திறந்து குனிந்திருந்தவன் பக்கம் பார்த்துக் கேட்டாள். "கதிரண்ணே, வண்டி போவுமா போவாதா? அத்த மட்டும் சொல்லு."

"போவும் தங்கச்சி" என்றான் கதிர். அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கே நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது.

நானும் போய் எட்டிப் பார்த்தேன். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பூவரசங்கட்டையைச் செதுக்கி, இறுக்கி அடித்து வைத்திருந்தான். படகில் எஞ்சின் ஆடினால் அப்படித்தான் கட்டை வைத்து இறுக்குவார்களாம். படகு மரம், தாங்கிக்கொள்ளும். கார் தகரமும் போல்டும். எஞ்சின் ஆட முடியாத ஆட்டமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அதிர்வாக வண்டிக்குள் இறங்கி, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் தடித்த ஒயரின் போல்டைக் கழற்றி எங்கோ வழியில் போட்டிருந்தது. அந்த ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் திரும்ப வழி இல்லாமல் எஞ்சின் எப்படிச் சுற்றும்?

கதிர் ஹாரனைத் தாங்கிய போல்டைக் கழற்றி, அந்த ஒயரை மாட்டி முறுக்கினான். பிறகு ஸ்பேனராலேயே கட்டையை அடித்தான். அது வருவேனா என்றது. அவன் விரல் தோல் உரிந்து ரத்தம் வந்தது. "அத்த வுட்டுட்டு வண்டிய எடுடா" என்று நான் கத்தினேன். "இது இருந்தா பாலத்து மேல இன்னொண்ணு கழலும் மச்சான்" என்றான், என்னைப் பார்க்காமலே. கட்டை எகிறி விழுந்தது. ஓடிப்போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

வண்டி ஒரு குதி குதித்தது. கதவு, கண்ணாடி, சீட்டு, நாங்கள் மூன்று பேர், எல்லாம் சேர்ந்து கிடுகிடுவென்று ஆடினோம். என் வாழ்க்கையில் நான் அனுபவித்த மிகச் சுகமான ஆட்டம் அதுதான். ஹாரன் போய்விட்டதால் சிதம்பரம் வரைக்கும் ஜன்னலில் தலையை நீட்டி, வெள்ளாற்றுப் பாலத்தில் முன்னால் போனவர்களை எல்லாம் திட்டிக்கொண்டே வழி வாங்கினேன். அந்த வேலைக்கு நான் பொருத்தமான ஆள் என்று கதிர் பிறகு ஊரெல்லாம் சொன்னான்.

யாழினி பிறந்தாள். பிறந்ததும் அழவில்லை, சற்று நேரம் கழித்துத்தான் அழுதாள். அந்தச் சற்று நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன்.

செய்தி சொல்ல வெளியே வந்தபோது, ஆஸ்பத்திரி மதிலோரம் கதிர் குந்தியிருந்தான். கையில் டீ கிளாஸ். கை நடுங்கி, டீ முக்கால்வாசி சட்டையில் கொட்டியிருந்தது. "பொண்ணுடா, ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை. "என் கையப் பாரு மச்சான், நிக்கவே மாட்டேங்குது. ஆடட்டும், நிறுத்த மாட்டேன். நிறுத்துனா வேற எங்கியாவது கழண்டுடும்" என்றான். திட்டுவதற்கு வாயில் நிறைய வைத்திருந்தேன். அவன் கையிலிருந்த கிளாஸை வாங்கிக் கீழே வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஸ்டாண்டுக்கு வந்து, தான் செய்த காரியத்தை அவனே எல்லோரிடமும் சொன்னான். மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம், நான் சொல்லியிருக்க மாட்டேன். அதன் பிறகு யார் வண்டி குலுங்கினாலும் போய் நின்று, "ரப்பர மாத்து. ஆடுறத அடக்காத, தாங்குறத சரி பண்ணு" என்று சொல்லாமல் விடமாட்டான். கேட்டுக் கேட்டு உங்களுக்கெல்லாம் காது புளித்திருக்கும்.

புதன்கிழமை அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, செல்வி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, தண்ணீர் கூடக் குடிக்கவில்லை, எனக்குப் போன் செய்த பிறகு யார் பேசினாலும் பதில் இல்லை என்றார்கள். பெரியவர்கள் என்னை வாசலிலேயே நிறுத்தினார்கள். "நீ கூடப் பொறந்தவன் மாதிரி. நீ ஒடஞ்சா அந்தப் பொண்ணு தாங்காது. தைரியமா உள்ள போ" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அவன் முகத்தைப் பார்த்தேன். பேச வாய் திறப்பது போலவே இருந்தது. எனக்கு முதலில் கை நடுங்கியது, பிறகு உடம்பு முழுவதும். இரண்டு பேர் தோளை அழுத்திப் பிடித்தார்கள். "வுடுங்கய்யா என்ன" என்று அவர்களை உதறிவிட்டு, அவன் மேல் விழுந்து, அத்தனை பேர் நடுவில் வாய்விட்டுக் கதறினேன்.

செல்வி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. "அண்ணே..." என்றாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. யாழினி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அழுகையை நிறுத்தச் சொல்லி யாரோ அருகில் வந்தார்கள். "ஆடட்டும், அடக்காதீங்க" என்று நான் அவர்களைக் கிட்டே விடவில்லை. கதிரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.