வோல்டேஜ் சரியாகத்தான் இருந்தது

ஒரு பெண்ணின் கடையை மூட வைத்தவன் நான். அதற்கு எனக்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை... அதனால்தான் இத்தனை காலம் அதற்குள் ஒளிந்துகொள்ள முடிந்தது.

கீழக்கரையில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஃபேன் நின்றாலும் மோட்டார் இரைந்தாலும் தெருவில் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "பிசிக்ஸ் சாரே சொல்லிட்டாங்க" என்றால் எங்கள் தெருவில் அதற்கு மேல் பேச்சில்லை. அந்தச் சுகத்துக்கு நான் எவ்வளவு பழகியிருந்தேன் என்பதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டு ரஹீமாவின் கணவர் கத்தாரில் இருக்கிறார். வெளிநாட்டில் வளரும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு லேப்டாப் வழியே குர்ஆன் ஓதிக்கொடுப்பவள் அவள். ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சார், பேட்டரி உள்ளதான் இருக்கு. ஆனா இல்லைன்னு காட்டுது. கரண்டு போனா பொட்டுனு அணைஞ்சிருது. பாதி சூராவுல டீச்சரைக் காணோம்னு பிள்ளைகள் சிரிக்குதுக."

கழற்றிப் பார்த்தேன். பேட்டரியை எடுத்துவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்தி, மறுபடி மாட்டினேன். 'பேட்டரி இல்லை' என்றே காட்டியது. மல்ட்டிமீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் பின்களில் வைத்தேன். வோல்டேஜ் சரியாக இருந்தது. பிறகு என் கை தவறியது... முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டன. நீலப்பொறி. கருகல் வாசனை. மறுபடி அளந்தேன். பூஜ்யம்.

ரஹீமா அப்போது தேநீர் எடுத்துவரத் தன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவள் திரும்புவதற்குள் திருகுகளை முடுக்கிவிட்டேன். "இது நமக்கு ஆகாதும்மா. சபீனாகிட்ட குடு" என்றேன்.

சபீனா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை போட்டிருந்தாள். எங்கள் ஊரில் அந்தத் தொழிலுக்கு வந்த முதல் பெண். பாதித் தெரு அவளை வாழ்த்தியது. மீதித் தெரு அவள் எப்போது தவறுவாள் என்று காத்திருந்தது.

மறுநாள் ரஹீமா முகம் சிவக்க வந்தாள். "கடைக்கு வரும்போதே பேட்டரி செத்துருச்சு லாத்தான்னு சபீனா சொல்றா சார். உங்க கையில இருந்தப்ப எப்படி இருந்துச்சு?"

அங்கே சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு போதும். எது என்னைத் தடுத்தது? நான் சொன்னது இதுதான்:

"நான் பார்க்கும்போது வோல்டேஜ் சரியாகத்தான் இருந்தது."

மீதியைத் தெரு சொல்லிக்கொண்டது. சபீனா கருக்கிவிட்டாள் என்றார்கள். நல்ல பேட்டரியை உருவிக்கொண்டாள் என்றும் சொன்னார்கள். "அகப்பை பிடிக்கிற கைக்கு ஸ்குரூடிரைவர் எதுக்கு" என்று தேநீர்க் கடையில் ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கே இருந்தேன்... சிரித்தேனா? நினைவில்லை என்று எழுதத்தான் ஆசை. சிரித்தேன்.

சபீனா தன் செலவில் வேறு பேட்டரி போட்டுக் கொடுத்தாள். அதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அவள் கடை மூடப்பட்டு, அந்த இடத்தில் வேறு யாரோ ஜூஸ் விற்க ஆரம்பித்தார்கள். அவள் ராமநாதபுரத்தில் வேறொருவர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மூன்று வருடம் கழித்து என் லேப்டாப்பும் 'பேட்டரி இல்லை' என்றது. எங்கள் ஊரில் யாரிடமும் காட்டக் கூசி, ராமநாதபுரம் பஸ் ஏறினேன். நுழைந்த கடையில் அவளே உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சார்" என்றாள். பேட்டரியைக் கழற்றி, விரல் நீளக் கருவி ஒன்றில் இணைத்தாள். திரையில் வரிவரியாக எண்கள் ஓடின. எத்தனை முறை சார்ஜ் ஏறியது, அதிகபட்சம் எவ்வளவு சூடு தாங்கியது...

"இதையெல்லாம் யாரும்மா எழுதி வைத்தது?"

"பேட்டரிதான் சார். உள்ள ஒரு சிப் இருக்கு, எள்ளு மாதிரி. ஓரத்துல இருக்கிற தடிச்ச பின்னு கரண்டுக்கு. நடுவுல இருக்கிற சின்னப் பின்னெல்லாம் பேசுறதுக்கு. பேட்டரி தன் பேரைச் சொன்னாத்தான் லேப்டாப் நம்பும். பேச முடியலைன்னா, முழுச் சார்ஜ் இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லும்."

வாழ்நாளெல்லாம் மின்சாரம் கற்பித்தவன் அந்தச் சின்னப் பின்களைக் குனிந்து பார்த்தேன். நம் தோள்களில் அமர்ந்து நன்மை தீமை எழுதும் இரண்டு வானவர்களைச் சிறுவயது முதல் நம்பி வந்தவன் நான். ஆனால் எழுதப்பட்டதை அதுவரை கண்ணால் கண்டதில்லை.

"ஷார்ட் ஆனால்...?" என்று கேட்டேன்.

"ஃப்யூஸை எரிச்சுக்கிட்டு, காரணத்தை எழுதி வச்சிட்டுத்தான் சாகும்." அவள் தலை நிமிரவில்லை. சின்னப் பின்களில் பூத்திருந்த பச்சை உப்பை ஸ்பிரிட் தொட்ட பிரஷால் துடைத்துக்கொண்டிருந்தாள். "ரஹீமா லாத்தா பேட்டரியிலயும் எழுதியிருந்துச்சு. நான் கை வைக்கிறதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன். எனக்கு முன்னாடி அதைத் திறந்தது நீங்க மட்டும்தான்னு லாத்தா சொல்லியிருந்தாங்க. அதுலயும் இதே உப்புதான் சார். அஞ்சு நிமிச வேலை."

மாட்டினாள். என் லேப்டாப் பேட்டரியை அறிந்துகொண்டது.

"என் பெயரை ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா யாரு நம்புவா? அதோட, நீங்க பொய் சொல்லலையே சார். வோல்டேஜ் சரியாத்தானே இருந்துச்சு."

அவள் உண்மையை முழுவதும் அறிந்தே மூன்று வருடம் பஸ் ஏறி வந்துபோயிருக்கிறாள். அந்தப் பேச்சில் கோபம்கூட இல்லை. கடலின் முன் நின்றபோதுகூட நான் என்னை அவ்வளவு சிறியவனாக உணர்ந்ததில்லை.

மன்னிப்புக் கேட்டேன். மனிதருக்கு இழைத்த தீங்கை அந்த மனிதர் மன்னிக்காமல் இறைவனும் மன்னிப்பதில்லை என்று படித்தவன் அல்லவா?

"என்கிட்ட எதுக்கு சார்? சொன்ன இடத்துல போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். முதலில் ரஹீமாவிடம். பிறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கலையாமல் நின்றவர்களிடம், பொறியையும் பூஜ்யத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தப் புள்ளைக்காகப் பழியைத் தன் மேல போட்டுக்கிறாங்க. சாருக்கு எம்புட்டுப் பெரிய மனசு" என்றார் ஒருவர்.

"பிசிக்ஸ் படிச்சவங்க கை ஷார்ட் ஆக்குமா?" என்றார் இன்னொருவர்.

மல்லுக்கட்டிப் பார்த்தேன். மறுக்க மறுக்க என் மதிப்புத்தான் கூடியது. அந்த வாரமே மூன்று வீட்டார் லேப்டாப்போடு வந்தார்கள். "நீங்களே பாருங்க சார். அவகிட்ட குடுக்கத்தான் பயமா இருக்கு."

எதையும் நான் திறப்பதில்லை. பையில் போட்டு ராமநாதபுரம் கொண்டுபோகிறேன். சரியானதும் கொண்டுவந்து கொடுத்து, "சபீனா பார்த்தது" என்கிறேன். சிரிக்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் அவள் ஒன்றையே கேட்கிறாள்.

"இதுல உங்க கை படலையே சார்?"

"இல்லையம்மா" என்கிறேன்.

தலையசைத்துவிட்டு, முதலில் அந்தக் கருவியை மாட்டிப் படிக்கிறாள். படித்த பிறகே வேறு எதையும் தொடுகிறாள்.